புது மாண்டலினில் குதிரை எங்கே நிற்க வேண்டும்?

சென்ற விஜயதசமியன்று காலையில், தேவகோட்டையைச் சேர்ந்த, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், காரைக்குடியில் நான் தந்தி வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் அறைக்கு மாண்டலின் பெட்டியோடு வந்து அமர்ந்தார். இரண்டு மாதங்களுக்கு முன்பு இதே பெட்டியை இதே மேசையில் திறந்து காட்டியபோது அவர் முகத்தில் இருந்த ஒளியை நான் மறக்கவில்லை. செதுக்கிய ஸ்புரூஸ் மேல்பலகை, மேப்பிள் முதுகு, எஃப் வடிவத் துளைகள், தோளில் ஒரு சுருள் என நாற்பது ஆண்டு ஆசையைச் சேமிப்பிலிருந்து எடுத்த பணத்தால் நிறைவேற்றிக்கொண்டவர் அவர். அன்று அதை என்னிடம் தரக்கூட மனமின்றி, மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேசினார். இப்போதோ, "தம்பி, என்னைய ஏமாத்திட்டாங்க, எந்தச் சுரமும் சேரலை" என்றார்.

ஒருவரும் ஏமாற்றவில்லை. பூஜையில் வைப்பதற்காக எட்டுக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றி, மேல்பலகையைத் துணியால் துடைத்திருக்கிறார். அப்போது, கம்பிகளை மேல்பலகையின் மேல் தாங்கி நிற்கும் சிறு மரக்கட்டையான குதிரை தானாகக் கையோடு வந்துவிட்டது. கண் மதிப்பில் அதைத் திரும்ப நிறுத்திக் கம்பி கட்டியிருக்கிறார். அளந்து பார்த்தேன். குதிரை நான்கு மில்லிமீட்டர் முன்னால் நின்றது.

மாண்டலினின் குதிரையைப் பசையிட்டு ஒட்டுவதில்லை. வயலினில் போலவே கம்பிகளின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. காரைக்குடி சகோதரர்கள் என்ற வீணைக் கலைஞர்களின் ஊரில் இருப்பவர்களுக்கு இதை வீணையை வைத்தே விளக்கிவிடலாம். வீணையில் கம்பிக்குக் கீழே குறுக்காக நிற்கும் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பதால், ஒரு மெட்டு சுருதி விலகினால் மெழுகை இளக்கி அந்த மெட்டை மட்டும் நகர்த்திச் சரிசெய்ய முடியும். மாண்டலினிலோ உலோக மெட்டுகள் கழுத்துப் பலகையின் கீறல்களில் அடித்துச் செருகப்பட்டவை, அவை நகரா. ஆகவே சுரத் திருத்தம் பெரும்பாலும் அந்த ஒரு குதிரையின் தலையில் வந்து விழுகிறது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் படிந்து செல்லும் சிறு கட்டையான நட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரைக்கும் அதே தூரமும் சற்று மிகுதியும் இருக்க வேண்டும். பொதுவாகக் கம்பியின் ஒலிக்கும் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர்தான் என்பதால் ஒரு மில்லிமீட்டர் பிசகும் காதுக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டாம் மெட்டின் நேர் மேலே கம்பியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் எழும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் குதிரையைப் பின்னுக்கும், இறங்கி ஒலித்தால் கழுத்தின் பக்கமும் தள்ள வேண்டும். அவருடைய வாத்தியத்தைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

என்னிடம் வரும் புது மாண்டலின்களில் பெரும்பாலானவற்றின் குறை இந்த அளவுக்கே சிறியது என்பதால்தான் இதை எழுதுகிறேன். கடையிலிருந்து வந்த வாத்தியம் வாசிப்பதற்கு முழுமையாக ஆயத்தமாகிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். உண்மையில் கம்பி உயரம், நட்டின் பள்ளங்கள், குதிரையின் அடி மேல்பலகையின் வளைவோடு பொருந்துவது ஆகிய மூன்றையும் ஒருவர் கையால் பார்த்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். மூன்றைத் தாண்டிய வாத்தியத்தில் இரட்டைக் கம்பிகளை அழுத்திப் பழகும் பிள்ளை, விரல் கன்றி ஒரு மாதத்தில் பெட்டியை மூடிவிடும். நாமோ பிள்ளைக்குச் சங்கீதம் வரவில்லை என்று முடிவு செய்துவிடுகிறோம்.

வாங்குவதற்கு முன்பு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. நம் ஊரில் மாண்டலின் என்றதும் காதில் ஒலிப்பது உ. ஸ்ரீநிவாஸின் நாதம். ஆந்திரத்துப் பாலக்கொல்லுவில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த அவர் வாசித்தது மின் மாண்டலின். இரட்டைக் கம்பிகளை விட்டு, ஐந்து தனிக் கம்பிகளை வைத்துக்கொண்டார். கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பதற்கும், சுரம் நீண்டு நிற்பதற்கும் அந்த அமைப்பே உதவியது. தேவகோட்டைக்காரர் வாங்கிய, தோளில் சுருள் உள்ள எஃப் வகையோ, 1922 முதல் 1924 வரை அமெரிக்காவின் கிப்சன் வாத்திய நிறுவனத்தில் ஒலிப் பொறியாளர் லாயிட் லோர் கையொப்பமிட்ட மாண்டலின்களின் வழியில் வருவது. அதன் எட்டுக் கம்பிகள் வெட்டிப் பேசுமே தவிர, இழுத்துப் பாடா. இரண்டும் அழகுதான். எதன் மேல் ஆசை என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. தோளில் இருக்கும் சுருள் ஒலியைக் கூட்டுவதில்லை என்பதையும், அதைச் செதுக்கும் உழைப்புக்கே விலை ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசைக்கு வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிப் பயன் இல்லை, சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. மேல்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்பதை எஃப் துளையின் விளிம்பில் பார்க்கலாம்: முழு மரமானால் மேலே தெரியும் ரேகைகள் பலகையின் கனத்துக்குள்ளும் தொடர்ந்து இறங்கும்.

எட்டுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 70 முதல் 85 கிலோ வரை இருக்கும். அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டே புது மரம் நம்முடைய சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் முதன்முறையாகச் சந்திக்கிறது. ஆகவே முதல் ஆண்டில் கழுத்து அசைவதும் கம்பி உயரம் மாறுவதும் இயல்பு. பருவம் மாறியதும் ஒரு முறை காட்டிவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருப்பது மரத்துக்கு இதம். தடித்த சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள பழைய செட்டிநாட்டு வீட்டின் உள்ளறை, வெயில் நேரே விழும் முகப்பைவிடவும், நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடி உலர்ந்த புது அறையைவிடவும் நல்ல இடம். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் மட்டும் ஒருபோதும் வைத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகிக் குதிரையின் அடியில் மேல்பலகை அமுங்கிய வாத்தியத்தைப் பார்த்திருக்கிறேன், அதைச் சரிசெய்ய ஆன செலவு அதன் விலையில் பாதி.

கம்பி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதைக் கட்டிச் சுருதிக்கு ஏற்றிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். தேவகோட்டை அண்ணனுக்கு இதை ஒரு முறை செய்தும் காட்டினேன். குதிரையின் இரு ஓரங்களிலும் வார்னிஷைக் கெடுக்காத காகித நாடாவால் அடையாளமும் வைத்துக் கொடுத்தேன். வாங்கி, மடியில் வைத்து, நான்கு இணைகளையும் மெதுவாக மீட்டிப் பார்த்தவர், "அப்ப அடுத்த பூசைக்குச் சந்தனம்?" என்று கேட்டார். பெட்டிக்கு மேலே வைக்கச் சொன்னேன்.