மூட்டு வாதம் குளிரால வர்றதில்ல

நம்ம இலங்கை மலையகத்துல ஒருத்தருக்குக் கை மூட்டு வீங்கிட்டா உடனே சொல்றது பனி, பச்சத் தண்ணி, மழையில படங்கு கட்டிக்கிட்டு நாள் முழுக்க மலையில நின்னு கொழுந்து எடுக்குறது, இதுகளத்தான். குளிர் வலியக் கூட்டும், அது உண்மை. ஆனா ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு டாக்டருங்க சொல்ற மூட்டு வாதத்த குளிர் உண்டாக்குறதில்ல. அப்படி உண்டாக்கும்னா அமெரிக்காவுல அரிசோனா பாலைவன வெயில்ல வாழுற பீமா பழங்குடி ஆளுங்களுக்கு இது வரவே கூடாது, ஆனா அங்க ஆராய்ச்சி செஞ்சப்போ 100 பெரியவங்கள்ல சுமார் 5 பேருக்கு இருந்துச்சு, உலகத்துலயே ரொம்பக் கூடின கணக்குல அது ஒண்ணு. ஐரோப்பாவுல 100க்கு ஒருத்தர், இல்லாட்டி அதுக்கும் கொறைய. டெல்லிப் பக்கத்துக் கிராமங்கள்ல 0.75 சதவீதம். நைஜீரியாவுல ஒரு கிராமப்புறத்துல 2000 பேரப் பாத்து 1993ல எழுதுனாங்க, ஒருத்தருக்குக்கூட இல்ல.

எல்லா மூட்டு வலியும் இது இல்ல. வயசாகித் தேயுற மூட்டு வேற, அதுல நகத்துக்குப் பக்கத்து மூட்டுல கெட்டியா முண்டு முண்டா வரும். இதுல ஆள்காட்டி விரல், நடுவிரல் அடி முட்டி ரெண்டு கையிலயும் சேந்தே வீங்கும், தொட்டா மெத்து மெத்துன்னு இருக்கும், காலையில எந்திரிச்சா விரல மடக்க முடியாது, கூடைக் கயித்தப் புடிக்கக்கூட ஒரு மணி நேரம் போகணும். ஆம்பளைகள விட பொம்பளைகளுக்கு ரெண்டு மூணு மடங்கு கூட வருது.

சரி, ஏன் வருது? நம்ம உடம்புல எதிர்ப்பு சக்தி செல்லு சிலதுக்கு மேல ஹெச்எல்ஏன்னு ஒரு புரோட்டீன் இருக்கு. கொழுந்து நிறுக்குற எடத்துல கூடையக் கணக்கப்பிள்ளைக்குக் காட்டுற மாதிரி, இது புரோட்டீன் துண்டுகள டி செல்லுங்கிற இன்னொரு எதிர்ப்பு சக்தி செல்லுக்குக் காட்டும், டி செல் பாத்து இது நம்மளுதா வெளியாளான்னு முடிவெடுக்கும். இந்த ஹெச்எல்ஏவுல டிஆர்பி1ங்கிற ஜீன் ஆளுக்கு ஆள் மாறும். 1970கள்லயே பீட்டர் ஸ்டாஸ்னிங்கிற ஆராய்ச்சியாளர் டிஆர்4ங்கிற ஹெச்எல்ஏ வகை நோயாளிகள்ட்ட கூட இருக்குறதக் காட்டுனாரு, 1987ல கிரெகர்சனும் கூட்டாளிகளும் இன்னும் கிட்டப் போய்ப் பாத்தாங்க, நோயோட சம்பந்தப்பட்ட வகைகள்ல 70ஆவது எடத்துல இருந்து 74ஆவது எடம் வரைக்கும் உள்ள அஞ்சு அமினோ அமிலம், அதாவது புரோட்டீனக் கட்டுற சின்னக் கல்லுங்க, கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அந்த எடத்துல பாசிட்டிவ் சார்ஜ் இருக்கு. காட்டுற துண்டுல உள்ள ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்துக்கும் பாசிட்டிவ் சார்ஜ், அதனால ஒட்டாது. ஆனா உடம்புல உள்ள ஒரு என்சைம் ஆர்ஜினின சிட்ருலின்ங்கிற வேற அமிலமா மாத்திட்டா சார்ஜ் போயிடும், அப்ப கச்சிதமா உக்காந்துக்கும், டி செல் அத வெளியாள்னு நெனச்சு சொந்த மூட்டையே அடிக்க ஆரம்பிக்கும். ஆன்டி சிசிபின்னு ரத்தத்துல டெஸ்ட் பண்றது இந்தச் சிட்ருலினுக்கு எதிரா உருவான ஆன்டிபாடியத்தான், வலி வர்றதுக்குப் பல வருசம் முந்தியே அது ரத்தத்துல இருக்கலாம்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமான விசயம், ஊருக்கு ஊர் ஜீன் வகை வேற, ஆனா அந்த அஞ்சு எடத்து அமைப்பு மட்டும் ஒண்ணுபோல வருது. டிஆர்பி1 வகைகளுக்கு நம்பர் போட்டிருக்காங்க, நோயாளிகள்ட்ட முக்கியமாப் பாக்குறது ஐரோப்பாவுல 04:01, ஜப்பான் பக்கம் 04:05, பீமா ஆளுங்கள்ட்ட 14:02, இந்தியாவுல 10:01. நம்ம முன்னோருங்க 1820களுக்குப் பொறகு கோப்பித் தோட்டத்துக்கு தென்னிந்தியாவுல இருந்து வந்தவங்கதானே, அதனால இந்தியக் கணக்கு நமக்கும் முக்கியம். இன்னொரு ஜீன் பிடிபிஎன்22, அதுல நோயோட சம்பந்தப்பட்ட மாற்றம் ஐரோப்பாவுல சாதாரணம், சீனா ஜப்பான்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. 2014ல வந்த பெரிய ஆய்வுல நூத்துக்கும் மேல ஜீன் எடங்களக் கண்டுபிடிச்சாங்க, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு.

ஆனா ஜீன் இருந்தா வந்தே தீரும்னு இல்ல. ஒரே மாதிரி ரெட்டப்பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கு வந்தா மத்தவருக்கு வர்றது 100க்கு சுமார் 15தான், ஜீன் அப்படியே ஒண்ணா இருந்தும்! பீமா ஆளுங்கள்ட்டயே 1965ல இருந்து 25 வருசத்துல இந்த நோய் கொறைஞ்சிருக்கு, அதுக்குள்ள ஜீனா மாறியிருக்கும்? சிகரெட், பீடி புகை நுரையீரல்ல சிட்ருலின உண்டாக்குது, மேல சொன்ன டிஆர்பி1 வகை உள்ளவங்க புகைச்சா ஆபத்து பல மடங்கு, ஈறு நோய்க்கும் தொடர்பு இருக்கு. அம்மாவுக்கு இருக்கே எனக்கும் வருமான்னு கேக்குற பிள்ளைங்களுக்கு, மத்தவங்கள விட சுமார் மூணு மடங்கு வாய்ப்பு, அப்பவும் பெரும்பாலானவங்களுக்கு வர்றதில்ல.

ரெண்டு கையும் வீங்கி, காலை விறைப்பு ஆறு கிழமைக்கு மேல போனா எண்ணெய் தேய்ச்சிக்கிட்டே இருக்காம கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க, காசு கெடையாது, எலும்பு அரிக்க முந்தி மருந்து தொடங்குனா விரல் கோணாமக் காப்பாத்தலாம். மெதோட்ரெக்சேட் குடுத்தாங்கன்னா அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுற மருந்து, தெனமும் போட்டா உயிருக்கே ஆபத்து, அதனால எந்த நாள்னு மருந்துப் பையிலயே எழுதி வாங்கிக்கங்க, பிள்ள உண்டாகுற எண்ணம் இருந்தா டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லிடுங்க.