பிளாஸ்மிட்: சொல் விளக்கம்

பாக்டீரியாவின் குரோமோசோமோடு சேராமல், செல்லுக்குள் தனியாக நின்று, தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் டி.என்.ஏ. மூலக்கூறு பிளாஸ்மிட். பெரும்பாலும் வளைய வடிவில் இருக்கும். செல் பிரியும்போது சேய்ச் செல்களுக்குப் போய்ச் சேரும். சில வகைகள் வேறு இனத்துப் பாக்டீரியாவுக்கும் தாவும். இந்த விளக்கத்தோடு 'பிளாஸ்மிட் இல்லாமலும் பாக்டீரியா உயிர்வாழும்' என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். தவறில்லை. ஆனால் பிளேக் கிருமியைப் பற்றிப் பேசும்போது அந்த வாக்கியத்தை நம்பிவிடக் கூடாது.

சொல்லை ஆக்கியவர் அமெரிக்க மரபியலர் ஜோஷுவா லெடர்பெர்க், ஆண்டு 1952. கிரேக்கத்தில் 'பிளாஸ்மா' என்றால் வார்த்து உருவாக்கப்பட்டது. செல்லுக்குள் இருக்கும் கூழ்மத்துக்கு சைட்டோபிளாசம் என்ற பெயர் வந்தது அந்த வேரிலிருந்துதான். அதன் பிற்பாதியோடு 'இட்' என்ற விகுதியைச் சேர்த்தார் லெடர்பெர்க். குரோமோசோமுக்கு வெளியே இருந்துகொண்டு மரபுப்பண்பைக் கடத்தும் எதுவானாலும் பிளாஸ்மிட் என்பதே அவர் கொடுத்த பொருள். டி.என்.ஏ.யின் இரட்டைச்சுருள் வடிவம் வெளியானதே அடுத்த ஆண்டுதான் என்பதால், இன்றைய குறுகிய பொருளை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 1958-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஜேக்கப், வோல்மன் இருவரும் முன்வைத்த 'எபிசோம்' என்ற சொல் சில காலம் போட்டிக்கு நின்று, பிறகு பின்தங்கிவிட்டது. இரத்தத்தின் பிளாஸ்மா, மலேரியாவின் பிளாஸ்மோடியம் இவற்றுக்கும் வேர் ஒன்றே. பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இனி பிளேக். 1894-இல் ஹாங்காங்கில் கிருமியைப் பிரித்தெடுத்த அலெக்சாந்தர் யெர்சினின் பெயரால் அது யெர்சினியா பெஸ்டிஸ். அதன் நெருங்கிய உறவு யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ். உணவு, நீர் வழியாகக் குடலுக்குள் போய் வயிற்றுவலியும் காய்ச்சலும் தரும், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். குறைந்தது 5,000 ஆண்டுகளுக்கு முன் இதிலிருந்து பிரிந்ததே பிளேக் கிருமி. இரண்டின் குரோமோசோம்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. பிறகு ஏன் ஒன்று குடல்நோயோடு நிற்கிறது, மற்றது ஊரையே காலி செய்கிறது? விடையின் பெரும்பகுதி பிளாஸ்மிட்டுகளில் இருக்கிறது.

பிளேக் கிருமியிடம் வழக்கமாக மூன்று பிளாஸ்மிட்டுகள் உண்டு. ஒன்று அதன் குடல்நோய் உறவினர்களிடமும் இருப்பதுதான்: 37 டிகிரி வெப்பத்தில், அதாவது மனித உடலுக்குள் வந்ததும் விழித்துக்கொண்டு, ஊசி போன்ற ஓர் அமைப்பைக் கட்டி, நம் வெள்ளையணுக்களுக்குள் 'யோப்' புரதங்களைச் செலுத்தி அவற்றைச் செயலிழக்கச் செய்யும். மற்ற இரண்டும் பிளேக் கிருமிக்கே உரியவை.

அவற்றில் சிறியதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2001-இல் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது குரோமோசோமின் நீளம் சுமார் 46.5 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) என்று தெரிந்தது. இந்தப் பிளாஸ்மிட்டோ 9,600-ஐத்தான் தொடும். அதில் 'பிளா' என்றொரு மரபணு. பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சி கடித்த இடத்தில், இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் புரதத்தின் வலையால் உடல் கிருமியை அடைத்துவைக்கப் பார்க்கும். பிளா புரதம் இரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜனை பிளாஸ்மினாக மாற்றும். பிளாஸ்மின் அந்த வலையைக் கரைத்துவிடும். நம் உடல் உறைகட்டியைக் கரைக்க வைத்திருக்கும் கருவியையே கிருமி எடுத்துக்கொள்கிறது. வழி திறந்ததும் நிணநீர்க் கணுவுக்குப் போகிறது, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுகிறது. பிளா இல்லாத கிருமியை எலியின் தோலுக்கடியில் செலுத்திப் பார்த்தபோது, கொல்வதற்கு ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு கூடுதல் கிருமிகள் தேவைப்பட்டன. நேராக இரத்த நாளத்தில் செலுத்தினாலோ பிளா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆக, தோலிலிருந்து உள்ளே போகும் பயணமே இந்தத் துக்கடா டி.என்.ஏ.யின் கைவரிசை.

பெரிய பிளாஸ்மிட்டில் 'எலி நஞ்சு' என்று பெயர் பெற்ற ஒரு புரதத்தின் மரபணு இருக்கிறது. எலியைக் கொல்வதைப் பார்த்து வைத்த பெயர். அதன் உண்மையான வேலை தெள்ளுப்பூச்சியின் குடலுக்குள் கிருமியைக் காப்பது என்று 2002-இல் தெரியவந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. வெண்கலக் காலத்து எலும்புக்கூடுகளின் பற்களில் கிடைத்த பழைய பிளேக் மரபணுத்தொகுதிகள் பலவற்றில் இந்த மரபணு கிடையாது. அந்தக் கிருமிகள் தெள்ளுப்பூச்சி வழியாக இன்றுபோல் எளிதில் பரவியிருக்க முடியாது என்று கருதுகிறார்கள்.

எல்லாவற்றையும் பிளாஸ்மிட்டின் தலையில் கட்டிவிடவும் முடியாது. குரோமோசோமில் ஏறக்குறைய 150 மரபணுக்கள் பழுதாகிக் கிடக்கின்றன. அந்த இழப்புகளில் சில பிளேக் கிருமிக்கு ஆதாயமாகவே முடிந்தன.

தாவும் குணத்துக்கு ஒரு சான்று மடகாஸ்கர். 1995-இல் அங்கே ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த பிளேக் கிருமி, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் உட்படப் பல மருந்துகளுக்கு அசையவில்லை. காரணம் புதிதாக வந்து சேர்ந்த ஒரு பிளாஸ்மிட். மீன்களைத் தாக்கும் யெர்சினியா ருக்கெரியிடமும் சால்மோனெல்லாவின் ஒரு வகையிடமும் கிட்டத்தட்ட அதே கட்டமைப்பில் பிளாஸ்மிட் இருப்பது பின்னர் தெரிந்தது.

தமிழில் என்ன சொல்வது? 'கணிமி' என்ற சொல் இணையத்தில் புழங்குகிறது. சுருக்கமானதுதான், ஆனால் அச்சில் பார்த்ததும் கண் அதைக் கனிமம் என்றோ கணினி என்றோ படித்துவிடுகிறது. 'மரபு வளையம்' என்றால், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் கிருமியிடம் உள்ள நேர்கோட்டுப் பிளாஸ்மிட்டுகளை எங்கே வைப்பது? 'துணை', 'கூடுதல்' என்ற அடைகள் இன்னும் மோசம்: பிளேக்கில் துணையாக வந்ததுதான் தலைமை தாங்குகிறது. வடிவத்தையோ தகுதியையோ சொல்லாமல், தனித்து நிற்பதை மட்டும் சுட்டுவதால் 'தனிமரபி' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அது புழக்கத்துக்கு வரும்வரை பிளாஸ்மிட் என்றே எழுதலாம். வேற்றுமை ஏற்கும்போது பிளாஸ்மிட்டை, பிளாஸ்மிட்டில், பிளாஸ்மிட்டுகள். அதைப் 'பிளாஸ்மா' என்று சுருக்கினால் மட்டும் பொருள் இரத்தத்துக்குப் போய்விடும்.