ஜெயிக்க விரும்பாத ஏலதாரர்

2000-ஆம் ஆண்டில் ஈபே தளத்தில் 25 சென்டுக்கு ஏலம் தொடங்கிய ஓர் ஓவியம் 1,35,805 டாலர் வரை போனது. விற்றவரே வேறு பெயரில் நுழைந்து ஏலம் கேட்டிருந்தது தெரியவர, விற்பனை ரத்தானது.

இந்தத் தில்லுமுல்லுக்குத் தோதாக அமைந்துவிட்டது தானியங்கி ஏலமுறை. நீங்கள் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையைத் தளத்திடம் ரகசியமாகச் சொல்லி வைக்கிறீர்கள். எதிராளியைத் தாண்டத் தேவையான அளவு மட்டும் அது உங்கள் சார்பில் ஏற்றிக் கேட்கும். உங்கள் உச்சம் 1,000, அடுத்தவருடையது 600 என்றால் விலை 610-இல் நிற்கும். மீதி 390 உங்களுக்கு மிச்சம். விற்பவர் வேறு பெயரில் வைத்திருக்கும் பினாமி கணக்கின் கண் அதன்மேல்தான். 650, 700, 750 என்று கேட்டுப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் உங்கள் பெயரே மேலே நிற்கும், விலை மட்டும் ஏறும். சிலர் துணிந்து 1,010 வரை போவார்கள். உங்களைத் தாண்டியதும் உச்சம் தெரிந்துவிடும். உடனே ‘கை தவறி அழுத்திவிட்டேன்’ என்று வாபஸ் வாங்கிவிட்டு, 990 கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். நீங்கள் முழு ஆயிரத்தையும் கட்ட வேண்டியதுதான்.

சரி, எப்படிப் பிடிப்பது? பொருள் தன் தலையிலேயே விழுந்துவிடக் கூடாது என்பதுதான் பினாமியின் பயம். அதனால் அவர் நடப்பதெல்லாம் நிஜமாக வாங்க வந்தவருக்கு நேர்மாறாக இருக்கும். வாங்க வந்தவர் கடைசி நிமிடம்வரை பதுங்குவார். இவர் ஆரம்பத்திலேயே வந்து, யாராவது கேட்ட சில நொடிகளில் பதில் கேட்டு, முடியும் நேரத்தில் காணாமல் போவார். ஒரே விற்பனையாளரின் ஏலங்களையே சுற்றி வருவார், ஆனால் ஜெயிக்கவே மாட்டார்.

இதில் எந்த ஒன்றும் தனியாகக் குற்றமில்லை. கையில் காசு குறைந்த சேகரிப்பாளர்கூட இப்படித் தோற்றுக்கொண்டே இருக்கலாம். அதனால் கண்டறியும் நிரல்கள் ஒவ்வொரு குணத்துக்கும் மதிப்பெண் போட்டு, பல ஏலங்களுக்குச் சேர்த்துப் பார்க்கின்றன. விற்பவர் நாலைந்து கணக்குகளை மாற்றி மாற்றி இறக்கினால் மதிப்பெண் பிரிந்து நீர்த்துப்போகும். அப்போது எந்தெந்தக் கணக்குகள் ஒரே இணைய முகவரியையோ ஒரே கருவியையோ பகிர்கின்றன என்று தளம் துருவுகிறது.

வாங்குபவருக்கு இந்தத் தகவல் எதுவும் தெரியாது. பல தளங்களில் ஏலதாரர் பெயரே மறைக்கப்பட்டிருக்கும். அவர் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். முடியும் நேரம் மாறாத ஏலம் என்றால், உச்ச விலையைக் கடைசி நொடிகளில் போட்டால் போதும்: படிப்படியாகக் கேட்டு ஆழம் பார்க்கப் பினாமிக்கு அவகாசமே கிடைக்காது.