விமானத்தைத் துடைக்கும் முன் பாலிசியைப் படியுங்கள்

கார்களைப் பளபளப்பாக்கிப் பழகியவர்கள் விமான வேலைக்கு வர விரும்பி என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. எந்த மெழுகு, எந்த இயந்திரம் என்றுதான் பேச்சு தொடங்கும். உங்கள் காப்பீட்டுப் பாலிசியைக் கொண்டுவாருங்கள் என்பேன். பெரும்பாலும் அதில் விமான வேலைக்கு இடமே இருக்காது.

வழக்கமான வணிகப் பொறுப்புக் காப்பீட்டில், நம் பொறுப்பில் விடப்பட்ட பிறர் உடைமைக்கு நேரும் சேதம் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். பல பாலிசிகள் விமானம் தொடர்பான வேலையையே தனியாக விலக்கிவிடுகின்றன. எனவே ஹேங்கர்கீப்பர்ஸ் பாலிசி என்ற தனிக் காப்பீடு வேண்டும். தரையில் நம் பொறுப்பில் நிற்கும் விமானத்துக்கு நேரும் சேதத்துக்கானது அது.

அதோடு நின்றுவிடக் கூடாது. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து சாண்டியாகோ நோக்கிப் புறப்பட்ட ஏரோபெரு 603 விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 70 பேரும் இறந்தார்கள். கழுவித் துடைக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்க உதவும் ஸ்டேட்டிக் துளைகளை மூடிய ஒட்டுநாடாவை யாரும் உரிக்கவில்லை. வேகமும் உயரமும் தவறாகக் காட்டின. இருட்டில் எதை நம்புவதென்று விமானிகளுக்குத் தெரியவில்லை. நாடாவை ஒட்டிய ஊழியர் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2008இல் பிரான்சின் பெர்ப்பினியான் அருகே விழுந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 7 பேர் இறந்தார்கள். உரிய மூடிகள் இல்லாமல் தண்ணீர் பாய்ச்சிக் கழுவியதில், காற்று இறக்கையை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று அளக்கும் தாக்குகோண உணரிகளுக்குள் புகுந்த நீர் வானில் உறைந்திருந்தது.

இரண்டிலும் விமானம் கழுவியவர்கள் கையை விட்டுப் போன பிறகுதான் விபத்து. ஹேங்கர்கீப்பர்ஸ் பாலிசி அங்கே உதவாது. முடித்துக்கொடுத்த பணிக்கான பொறுப்புக் காப்பீடும் சேர்ந்திருக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க இதை விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

ஒப்பந்தத்தில் நான் விடாமல் பார்ப்பது, உரிமையாளரின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு அதே தொகையை நம்மிடம் வசூலிக்க வர முடியுமா என்பதை. அந்த உரிமையை நிறுவனம் விட்டுக்கொடுப்பதாக எழுத்தில் வாங்குங்கள். 'எல்லாச் சேதத்துக்கும் ஒப்பந்ததாரரே பொறுப்பு' என்ற வரியிலும் கையெழுத்திட வேண்டாம். நாமாக ஏற்றுக்கொண்ட பொறுப்பை நம் பாலிசி ஏற்காமல் போகலாம்.

என் தொடக்க காலத்தில் ஒரு சிறிய விமானத்தின் அக்ரிலிக் ஜன்னலை அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்துவிட்டேன். நாளடைவில் மயிரிழை போன்ற விரிசல்கள் படர்ந்தன. ஜன்னலின் விலையைவிட, விமானம் பறக்காமல் நின்ற நாட்களுக்கு உரிமையாளர் கேட்ட தொகைதான் பெரிது. அந்த இழப்பு என் பாலிசியில் இல்லை. இன்று, பராமரிப்புக் கையேடு அனுமதிக்காத எந்தத் திரவத்தையும் நாங்கள் திறப்பதில்லை.

நாடா விஷயத்தில் எங்கள் வழக்கம் இது. வெள்ளியோ வெள்ளையோ அல்ல, கண்ணைப் பறிக்கும் சிவப்பு நாடா மட்டும். ஒட்டும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதிப் பட்டியலில் குறிக்கிறோம். உரித்த துண்டுகளைக் கசக்கி எறியாமல் ஒரு பலகையில் எண் வரிசைப்படி ஒட்டிப் படமெடுக்கிறோம். பிறகு உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒவ்வொரு துளையையும் நேரில் பார்த்துக் கையெழுத்திடுகிறார். அதுவரை விமானத்தை ஒப்படைப்பதில்லை.