முயல் வயிற்றில் ஒரு மாவுப்பானை

முயல் வாங்கப் போனால் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "காரட் போடுங்க, கோஸ் போடுங்க, நல்லா வளரும்." வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் பிஸ்கட்டையும் சேர்த்துவிடுவார்கள். இனிப்பென்றால் முயலுக்கு உயிர், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அவதிப்படுவது அதன் குடல்.

மாடு தின்ற புல் முதலில் இரைப்பையில் நொதிக்கும், அப்புறம்தான் குடலுக்குப் போகும். முயலுக்கு இது தலைகீழ். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சீக்கம் என்று ஒரு பை இருக்கிறது. நமக்கும் உண்டு, சின்னதாக. முயலுக்கோ உணவுப்பாதையில் உள்ளதில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தப் பைக்குள்தான் கிடக்கும். தோசைமாவுப் பானை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. கூடவே பி வைட்டமின்களும் புரதமும் உருவாகின்றன.

அமிலங்களை அந்தப் பையே உறிஞ்சிக்கொள்ளும். புரதத்தை உறிஞ்ச வேண்டிய சிறுகுடலோ முன்னாலேயே போய்விட்டது. முயல் இதற்குக் கண்ட வழி கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும்: தன் புழுக்கையையே தின்கிறது. எல்லாவற்றையும் அல்ல. பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு சல்லடை வேலை நடக்கிறது. பொடியும் நீரும் சீக்கத்துக்குத் திரும்பும், முரட்டு நார் நேரே போய் உலர்ந்த உருண்டைகளாக விழும். சீக்கத்தில் நொதித்தது தனியாக, திராட்சைக் கொத்துபோல் இளகி, மேலே சளிப்பூச்சோடு வரும். அது தரையில் விழும் முன்பே முயல் வாயில் வாங்கி விழுங்கிவிடும். பல வருடம் முயல் வளர்த்தவர்கள்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கூண்டில் அது ஒட்டிக் கிடந்தால் தீனியில் மாவும் சர்க்கரையும் மிஞ்சிவிட்டன என்று சந்தேகப்படலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், செரிக்காமல் வெளியேறும் அந்த முரட்டு நார்தான். சத்து என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் குடலை அசைய வைப்பதே அதுதான். நார் குறைந்து மாவுச்சத்து கூடினால் பானைக்குள் வேண்டாத பாக்டீரியா பெருகும், வாயு சேரும், குடல் நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 12 மணி நேரம் எதையும் தின்னாமல் இருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கை வீட்டிலேயே கொடுப்பது அதைவிட ஆபத்து. வாய்வழி அமாக்சிசிலின் பானையில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்று முயலையே கொன்றுவிடலாம்.

பல்லுக்கும் புல் வேண்டும். முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்பவை. புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். காரட்டை நாலு கடியில் முடித்துவிட்டால் எங்கே தேய்வது?

ஆக, தட்டில் பெரும்பங்கு உலர்ந்த புல்லாக இருக்கட்டும். திமோதி புல் விலை கட்டுப்படாவிட்டால் மருந்தடிக்காத அறுகம்புல்லை நிழலில் உலர்த்திப் போடலாம். வைக்கோலில் நார் உண்டு, சத்து மிகக் குறைவு. குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு அதில் கால்சியம் அதிகம். தீனியில் உள்ள கால்சியத்தை முயல் அப்படியே உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். சிறுநீர் சுண்ணாம்புபோல் வெளுப்பது அதனால்தான். கொத்தமல்லி, புதினா தினம் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். பெல்லட் என்று குச்சி குச்சியாக அழுத்தி விற்கும் தீனி என்றால், முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராம் போதும். காரட்டை வாரத்துக்கு ஓரிரு துண்டோடு நிறுத்துங்கள், அதன் இலையைத் தாராளமாகப் போடுங்கள். எதை மாற்றினாலும் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு மெல்ல மாற்றுங்கள், புதுத் தீனிக்குப் பானை பழக வேண்டும்.

காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையை ஒரு பார்வை பாருங்கள். பட்டாணி அளவில் உருண்டு, உடைத்தால் உள்ளே நார் தெரிந்தால் சரி. சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்திருந்தால், முதல் வேலையாகப் புல் எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று பாருங்கள்.