பிராணவாயு இருந்தும் மூச்சு முட்டும்

ஆள் ஏறிச் செல்லும் நீர்மூழ்கி என்றதும், அது அழுத்தத்தைத் தாங்குமா, எத்தனை மணி நேரத்துக்குப் பிராணவாயு இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இவற்றின் சுவாசக்காற்று அமைப்பைச் சோதிக்கும் பணியில் இருக்கும் எனக்கு, உள்ளிருப்போர் வெளிவிடும் கரியமிலவாயு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லையே என்ற கவலை நெடுநாளாக உண்டு.

சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்தில், மூவர் அமரும் டைட்டானியக் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர்; கருவிகள் அடைக்கும் இடத்தைக் கழிக்காவிட்டாலும் உள்ளே ஏறத்தாழ 4,800 லிட்டர் காற்றுதான். இலேசான வேலை செய்யும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுவதாகக் கொண்டால், அதை உறிஞ்சும் கருவி நின்ற நான்கு மணி நேரத்தில், உருளைகள் நிறையப் பிராணவாயு இருந்தாலும், கரியமிலவாயுவின் அளவு 5 சதவீதத்தை எட்டிவிடும். தலை வலிக்கும், மூச்சு இரைக்கும், தெளிவாக முடிவெடுக்க இயலாமல் போகும்.

1973 ஜூனில், புளோரிடா அருகே ஜான்சன் சீ லிங்க் என்ற நீர்மூழ்கி, மூழ்கிய கப்பலொன்றின் சிதைவில் சிக்கிக்கொண்டது. முன்பகுதி, வெப்பத்தை எளிதில் கடத்தாத அக்ரிலிக் கோளம்; பின்னறையோ அலுமினியம். பின்னறை விரைவில் குளிர்ந்து, அங்கிருந்த உறிஞ்சுபொருளின் வேதிவினை மந்தமாகி, இருவர் இறந்தனர். முன்னால் இருந்த இருவர் பிழைத்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில், அயர்லாந்துக்கு அப்பால் 480 மீட்டர் ஆழத்தில் விழுந்த பைசீஸ் 3 கலத்தின் இருவர், கரியமிலவாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு இருந்ததாலும், பேசாமல் அசையாமல் படுத்திருந்ததாலும், 76 மணி நேரம் தாக்குப்பிடித்து மீண்டனர்.

ஒரு சோதனையின்போது கரியமிலவாயு அளவி மெல்ல ஏறிக்கொண்டே போனது. மின்விசிறி ஓடியது, கரியமிலவாயுவை உறிஞ்சும் சோடா லைமும் புதியதுதான். அதை நிரப்பிய பெட்டியான கேனிஸ்டரைத் திறந்தால், வெள்ளைக் குருணைகள் மேலே இரண்டு விரல் அளவு அமிழ்ந்து, ஓரமாக ஒரு சந்து விழுந்திருந்தது. நிரப்பியவர் தட்டித் தட்டி அமர்த்தவில்லை. காற்று குருணைக்குள் புகாமல் சந்து வழியே நழுவிப் போயிருக்கிறது. நல்லவேளையாகக் கலம் அப்போது கரையில் இருந்தது.

ஆழ்கடல் நீர் 2 டிகிரி அளவுக்குக் குளிரக்கூடியது. எனவே ஆராய்ச்சிக்கோ சுற்றுலாவுக்கோ இறங்கப் போகிறவர்கள், கேனிஸ்டரை யார், எந்தத் தேதியில் நிரப்பினார்கள், எத்தனை டிகிரி குளிரில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பதிவேட்டைப் பார்த்த பிறகே மேல்மூடியை அடைக்கச் சம்மதியுங்கள்.