‘இடதுகை ரம்பம்’ என்று ஒன்று இல்லை

மின்கருவி விற்கும் பக்கங்களிலும் பெட்டிக்குள் வரும் கையேடுகளிலும் ‘இடதுகை வட்ட ரம்பம்’ என்ற தொடரைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. வாங்குபவரைத் தவறான கருவியின் பக்கம் தள்ளிவிடும் சொல் இது.

ரம்பத்தின் பழைய எழுத்து வடிவம் இரம்பம், தனித்தமிழில் ஈர்வாள். ஈர்தல் என்றால் அறுத்தல். வட்டத் தகடு சுழன்று அறுப்பதால் வட்ட ரம்பம். இதுவரை குறையில்லை.

கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தில் மோட்டார் ஒரு பக்கம், பல் வைத்த அலகு மறுபக்கம். பின்னால் நின்று தள்ளுபவருக்கு அலகு இடப்பக்கம் இருந்தால் ஒரு வகை, வலப்பக்கம் இருந்தால் மற்றொரு வகை. இடது, வலது என்பது அலகு இருக்கும் பக்கத்தைச் சொல்கிறதே தவிர, பிடிக்கும் கையை அன்று. சொல்லப்போனால் நிலைமை நேர்மாறு. வலக்கையால் பிடிப்பவரின் தலை கருவிக்கு இடப்பக்கம் இருக்கும். அலகும் அங்கேயே இருந்தால் அறுக்க வேண்டிய கோடு கண்முன் தெரியும். வலப்பக்க அலகானால் மோட்டாருக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். (பலகையின் வலது ஓரத்தை அறுத்துத் தள்ளும்போது மோட்டாரின் எடை மீதிப் பலகைமேல் உட்காரும் என்பது அந்த வகையின் நன்மை.) இடக்கைப் பழக்கமுள்ளவர் ‘இடதுகை ரம்பம்’ என்பதை நம்பி வாங்கினால், அவருக்குக் கோட்டை மறைக்கும் கருவியே வந்து சேரும். அமெரிக்காவில் 1937இல் வந்த ஸ்கில் 77 ரம்பத்தில் அலகு இடப்பக்கம்தான். அந்நாட்டின் மேற்குப் பகுதித் தச்சர்கள் தலைமுறைகளாக அதை வலக்கையில் பிடித்தே வீடு கட்டினார்கள்.

‘இடக்கத்தி ரம்பம்’ என்று எழுதுவோரும் உண்டு. கத்திக்குப் பல் ஏது? கருவியின் வெட்டும் பகுதிக்கு அலகு என்ற பழைய சொல் இருக்கிறது. பாடநூல்களில் அலகு அளவையைக் குறிக்கிறதே என்பார்கள். பறவையின் மூக்கையும்தான் குறிக்கிறது, யாரும் குழம்பவில்லை. சுருக்க ஆசையில் ‘இடவலகு, வலவலகு’ என்று புணர்த்துவதையும் ஏற்க மாட்டேன். இலக்கணம் இடம் கொடுக்கலாம், நாக்கு கொடுக்காது. ‘வலகு’ என்றொரு பொருள் இருப்பதாக மயங்கவும் வைக்கும். இடப்பக்க அலகு ரம்பம், வலப்பக்க அலகு ரம்பம் என்று விரித்தே எழுதுங்கள். பட்டறையில் ‘லெஃப்ட் பிளேடு’ என்கிறார்கள். ‘இடதுகை’யைவிட அது எவ்வளவோ மேல்.

கருவியைக் கண்ணால் பார்க்காமல் மொழிபெயர்ப்பதுதான் நோய். இடப்புறம் சுழற்றினால் இறுகும் திருகு மரையையும் இவர்கள் ‘இடதுகை மரை’ என்றே எழுதுகிறார்கள். சங்கின் சுழியைப் பார்த்து வலம்புரி, இடம்புரி என்று பெயர் வைத்த மொழி இது. இடம்புரி மரை என்றால் உடனே விளங்கும். வெல்டிங் பட்டறையில் அசிட்டிலீன் சிலிண்டரின் இணைப்பில் இருப்பது அந்த மரைதான். அதை எந்தக் கையாலும் திருகலாம்.